குருத்தெலும்பு செல்லுக்கு மூச்சு முட்டினால் நல்லதா? 5 சதவீத ஆக்சிஜன் பற்றி ஒரு சந்தேகம்

ஆட்டுக்கால்சூப் | ஞாயிறு, இரவு 10.12

எல்லோருக்கும் வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டு மாணவி. ஆட்டு முழங்காலிலிருந்து குருத்தெலும்பு செல்களைப் பிரித்து வளர்க்கிறேன் (பெயர்க் காரணம் புரிந்திருக்கும்). விடிகாலை ஐந்தரைக்குக் கறிக்கடையில் நின்று, "அண்ணே, மூட்டை வெட்டாமல் முழுசாகக் கொடுங்கள்" என்று கெஞ்சுவது வரை பழகிவிட்டது. சிக்கல் அதற்குப் பிறகுதான்.

கொலாஜனேஸ் நொதியில் இரவு முழுக்க ஊறவைத்துப் பிரித்த செல்கள் முதல் வாரம் உருண்டையாக, பார்க்கவே நன்றாக இருக்கின்றன. இரண்டாம் பாசேஜில் (புதுத் தட்டுக்கு மாற்றும் சுற்று) நீள ஆரம்பிக்கின்றன. மூன்றாவதில் தோலின் நார்ச்செல் மாதிரி இரண்டு பக்கமும் வால் நீட்டிக்கொண்டு கிடக்கின்றன. குருத்தெலும்பின் சர்க்கரைச் சங்கிலியைக் காட்டும் அல்சியன் நீலச் சாயம் போட்டால் நிறம் ஏறவே மாட்டேன் என்கிறது. பி.சி.ஆர். செய்து பார்த்தால் குருத்தெலும்புக்கே உரிய இரண்டாம் வகை கொலாஜன் காணோம், அந்த இடத்தில் தோலில் இருக்கும் முதல் வகை வந்து உட்கார்ந்திருக்கிறது.

என் வழிகாட்டி, "5 சதவீத ஆக்சிஜனில் வை, செல்லைச் சுற்றி அது கட்டும் மேட்ரிக்ஸ் நன்றாக வரும்" என்று சொல்லிவிட்டு மாநாட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். எனக்கு அங்கேதான் இடிக்கிறது. அக்ரிகன் மாதிரி மேட்ரிக்ஸின் ஒரு பெரிய மூலக்கூறைக் கட்டவும், சர்க்கரைச் சங்கிலி முழுக்க சல்பேட் ஒட்டவும் எவ்வளவு ஏ.டி.பி. (செல்லின் எரிசக்தி) வேண்டும்! ஆக்சிஜனை நாலில் ஒரு பங்காகக் குறைத்தால் செல் எப்படி அதிகமாக வேலை செய்யும்? பட்டினி போட்டால் கூலியாள் நன்றாக உழைப்பான் என்பது போல அல்லவா இருக்கிறது?

---

பழைய வாத்தியார் | ஞாயிறு, இரவு 11.05

வாம்மா. முப்பது வருடம் உயிர்வேதியியல் நடத்தியவன் என்கிற உரிமையில் முதலில் உன் உவமையைத் திருத்துகிறேன். நீ பட்டினி போடவில்லை. இத்தனை நாளாக விருந்து வைத்துக்கொண்டிருந்தாய். அதை இப்போது நிறுத்தப் போகிறாய், அவ்வளவுதான்.

முழங்காலின் குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது. நரம்பும் இல்லை, நிணநீர் நாளமும் இல்லை. மனிதனுக்கு அது பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன். செல் என்பது அந்தத் திசுவின் கன அளவில் சில சதவீதம் மட்டும். மீதியெல்லாம் தண்ணீரும் மேட்ரிக்ஸும். ஆக்சிஜன் மூட்டுத் திரவத்திலிருந்து மேற்பரப்பு வழியாக ஊறி ஊறி உள்ளே இறங்க வேண்டும். வழியில் இருக்கும் செல்கள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே மேல் அடுக்கில் 6 முதல் 10 சதவீதம் என்றால், எலும்பை ஒட்டிய அடியில் ஒரு சதவீதத்துக்கு அருகில் வந்துவிடுகிறது. கடைமடைக்குப் போய்ச் சேரும் வாய்க்கால் தண்ணீரின் கதைதான். இந்தச் செல் பிறந்ததிலிருந்து காற்றில் இருக்கும் 21 சதவீதத்தைப் பார்த்ததே இல்லை.

ஏ.டி.பி. விஷயத்துக்கு வருகிறேன். ஒரு குளுக்கோஸை மைட்டோகாண்ட்ரியா வரை கொண்டுபோய் எரித்தால் ஏறக்குறைய 30 ஏ.டி.பி. பாதியில் நிறுத்தி லாக்டிக் அமிலமாக வெளியே தள்ளினால் இரண்டே இரண்டு. குருத்தெலும்பு செல் தன் தேவையில் பெரும்பகுதியை அந்த இரண்டை வைத்தே நடத்துகிறது. உன் ஃபிளாஸ்க்கில் மீடியம் (வளர்ப்புத் திரவம்) அமிலம் ஏறிச் சீக்கிரம் மஞ்சளாக மாறுகிறதா? அதுதான் சாட்சி. 1937இலேயே இங்கிலாந்தில் எரிக் பைவாட்டர்ஸ் மூட்டுத் திசுக்களின் வளர்சிதைமாற்றத்தை அளந்து, குருத்தெலும்பு ஆக்சிஜனைக் கொஞ்சமாகச் செலவழித்து லாக்டிக் அமிலத்தை வாரி இறைப்பதைக் காட்டினார். இதே ஆள்தான் சில வருடம் கழித்து, லண்டனில் குண்டு விழுந்து இடிபாடுகளில் நசுங்கியவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழப்பதை விவரித்தவர். ஒரே மனிதர், இரண்டு துறை. அந்தக் காலத்து ஆட்கள் அப்படி.

---

சந்தேகப்பிராணி | திங்கள், காலை 7.30

ஐயா சொல்வதை அப்படியே ஏற்றால், ஆக்சிஜனே இல்லாமல் வைத்தாலும் இந்தச் செல் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். மைட்டோகாண்ட்ரியாதான் தேவையில்லையே? பிறகு எதற்கு 5 சதவீதம்? பூஜ்ஜியத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

---

பழைய வாத்தியார் | திங்கள், காலை 9.15

கிண்டலாகக் கேட்டிருந்தாலும் தம்பி கேட்டது சரியான கேள்வி. இதற்கான பதில்தான் இந்தத் துறையிலேயே எனக்கு மிகப் பிடித்த இடம்.

பாஸ்டர் விளைவு படித்திருப்பீர்கள். பனங்கள் புளிக்கும்போது நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றுப் படாத பானையில் ஈஸ்ட் சர்க்கரையை வேகமாகத் தின்று தீர்க்கும், ஏனென்றால் ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு ஏ.டி.பி.தான் தேறுகிறது. காற்றை ஊதிவிட்டால் தின்னும் வேகம் குறையும். தசை செல்லும் அப்படித்தான்: ஆக்சிஜன் குறைந்தால் சர்க்கரைச் செலவு கூடும்.

ஆக்ஸ்ஃபோர்டில் லீ, ஜில் அர்பன் இருவரும் மாட்டு மூட்டுக் குருத்தெலும்பை எடுத்து இதையே சோதித்து 1997இல் எழுதினார்கள். ஆக்சிஜனை முழுவதுமாக விரட்டியபோது நடந்தது தலைகீழ். குளுக்கோஸ் எடுப்பது குறைந்தது. லாக்டிக் அமிலம் குறைந்தது. ஏ.டி.பி. சரிந்தது. கதிரியக்கம் ஏற்றிய சல்பேட்டைத் திசு ஏற்பதும், அதாவது புதிய அக்ரிகன் கட்டுவதும், பலமாகக் குறைந்தது. "எதிர்மறை பாஸ்டர் விளைவு" என்று பெயர் வைத்தார்கள்.

ஆக, எரிப்பதற்கு ஆக்சிஜன் வேண்டாத செல்லுக்கும், சர்க்கரையை உடைக்கும் வேலை ஓடிக்கொண்டிருக்கக் கொஞ்சம் ஆக்சிஜன் தேவைப்படுகிறது. ஏன்? அதே இருவர் 2002இல் இன்னொன்று செய்தார்கள். ஆக்சிஜன் இல்லாத திசுவுக்கு, எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளக்கூடிய வேறு ஆக்சிஜனேற்றிகளைக் கொடுத்தபோது நின்றுபோன சர்க்கரை உடைப்பு மறுபடி வேகம் பிடித்தது. அதாவது ஆக்சிஜன் இங்கே விறகு எரிக்க உதவும் காற்று மட்டும் அல்ல. கழிவு எலக்ட்ரானைக் கொட்டும் குப்பைத்தொட்டியும் கூட. அடுப்பு சின்னதுதான், ஆனால் தொட்டி நிரம்பி வழிந்தால் சமையல் நின்றுவிடும்.

பூஜ்ஜியம் கெடுதல், 21 வீண். நடுவில் ஒரு அகலமான இடம் இருக்கிறது.

---

ஆட்டுக்கால்சூப் | திங்கள், மதியம் 1.20

ஐயா, குப்பைத்தொட்டி உவமையை என் கருத்தரங்கில் திருடப் போகிறேன். முன்கூட்டியே மன்னிப்பு.

அப்புறம், ஆமாம், மீடியம் மஞ்சளாகிறது. நான் கிருமி தொற்று என்று நினைத்து இரண்டு ஃபிளாஸ்க்கைத் தூக்கி எறிந்தேன். இப்போது வயிறு எரிகிறது.

---

நைட்ரஜன் சிலிண்டர் | திங்கள், இரவு 8.48

தங்கச்சி, குறைந்த ஆக்சிஜனில் செல் வளர்ப்பதே என் பிழைப்பு. சில விஷயங்களை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஆறு மாதம் வீணாகும். எனக்கு வீணானது.

முதலில் அந்த "21" என்கிற எண்ணையே விடு. உன் சாதாரண இன்குபேட்டரில் 21 கிடையாது. 37 டிகிரியில் நீராவி மட்டும் 47 மி.மீ. பாதரச அழுத்தத்தை எடுத்துக்கொள்ளும். 760இல் அதைக் கழித்தால் 713. அதில் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு போக, மிச்சத்தில் 20.9 சதவீதம் ஆக்சிஜன். கணக்குப் போட்டால் 141 மி.மீ. சுமார் வரும், கடல்மட்ட அழுத்தத்தில் அது 18.6 சதவீதம். உன் தமனி ரத்தத்திலேயே 100 மி.மீ.தான். நாம் "சாதாரணம்" என்று எழுதுவது உடம்பின் உள்ளே ஏறக்குறைய எந்தத் திசுவிலும் இல்லாத அளவு.

இரண்டாவது, இன்குபேட்டர் திரையில் தெரிவது வாயுவின் அளவு, செல்லின் மேல் இருக்கும் அளவு அல்ல. செல் அடியில் ஒட்டியிருக்கிறது, மேலே மீடியம். ஆக்சிஜன் அந்தத் தண்ணீர் வழியாக இறங்கித்தான் வர வேண்டும். செல் அடர்த்தியாக இருந்து மீடியத்தையும் உயரமாக ஊற்றியிருந்தால், மேலே 18 இருக்கும்போதே அடியில் வெகுவாகக் குறைந்திருக்கும். அதனால் எல்லாக் குழுக்களுக்கும் மீடியத்தின் உயரமும் செல் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கட்டும். இதை எழுதாமல் விட்ட கட்டுரைகள் ஏராளம். முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கட்சி.

மூன்றாவது, புதிய மீடியத்தைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றாதே. அதில் காற்றின் ஆக்சிஜன் கரைந்திருக்கிறது. முதல் நாள் இரவே தட்டில் ஊற்றி, குறைந்த ஆக்சிஜன் பெட்டியில் வைத்துவிடு. பிளாஸ்டிக் கூட ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடும். கதவைத் திறந்தால் எத்தனை நேரத்தில் பழைய அளவுக்குத் திரும்புகிறது என்று ஒரு நாள் கடிகாரத்தோடு உட்கார்ந்து பார்.

கோபால்ட் குளோரைடு போட்டு "குறைந்த ஆக்சிஜன்" என்று எழுதும் குறுக்குவழியை யாராவது சொல்லிக் கொடுத்தால் ஓடிவிடு. அது ஆக்சிஜன் குறைவைச் செல்லுக்கு உணர்த்தும் ஹிஃப் புரதத்தை அழியாமல் நிற்க வைக்கும், உண்மைதான். ஆனால் செல் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டுதான் இருக்கும். மேலே வாத்தியார் சொன்ன வளர்சிதைமாற்றக் கதை எதுவும் அதில் நடக்காது. போதாக்குறைக்குக் கோபால்ட்டின் சொந்த நஞ்சு வேறு.

---

முழங்கால்62 | திங்கள், இரவு 9.30

ஐயா எல்லோருக்கும் வணக்கம். நான் விஞ்ஞானி இல்லை, பேருந்தில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவன். வலது முழங்கால் தேய்மானம். எங்கள் பக்கத்தில் ஒரு இடத்தில், ஆக்சிஜன் குறைவதால்தான் ஜவ்வு தேய்கிறது, ஆக்சிஜன் ஏற்றினால் வளர்ந்துவிடும் என்று பத்து தவணைக்குப் பணம் கட்டச் சொன்னார்கள். இங்கே நீங்கள் குறைத்தால் நல்லது என்கிறீர்கள். நான் கட்டவா வேண்டாமா?

---

ஆட்டுக்கால்சூப் | திங்கள், இரவு 9.41

அப்பா, தயவுசெய்து கட்டாதீர்கள். டாக்டர் யாராவது வந்து சொல்லட்டும், நான் ஆடு வரைக்கும்தான்.

---

மூட்டு டாக்டர் | செவ்வாய், காலை 6.50

கூப்பிட்டதால் வந்தேன். அறுவை அரங்குக்குப் போகும் முன் சுருக்கமாக.

ஐயா, நுரையீரல் நன்றாக இருக்கும் ஒருவருக்கு ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஏற்கெனவே 95 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜனால் நிரம்பியிருக்கும். அதற்கு மேல் ஏற்ற அதிகம் இடம் இல்லை. அப்படியே ஏற்றினாலும் குருத்தெலும்புக்குள் ரத்தம் போவதில்லை. போய்ச் சேர்ந்தாலும் அந்தச் செல் அதைக் கேட்டதாகவும் தெரியவில்லை. "ஆக்சிஜன் ஏற்றினால் ஜவ்வு வளரும்" என்று விற்பதற்கு இந்தத் திசுவின் அமைப்பு இடம் தரவில்லை.

கூடவே இன்னொன்று. 1950, 60களில் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கதிரியக்கக் கார்பனை வைத்து, முழங்கால் குருத்தெலும்பின் கொலாஜன் எப்போது உருவானது என்று 2016இல் கணக்கிட்டார்கள். எலும்பு வளர்ச்சி முடிந்த வயதுக்குப் பிறகு அந்தக் கொலாஜன் ஏறக்குறைய மாற்றப்படுவதே இல்லை என்று வந்தது. தேய்மானம் வந்தவர்களிடமும் அதே நிலைதான். இளமையில் நெய்த துணியைத்தான் கடைசிவரை கட்டிக்கொண்டிருக்கிறோம். அதன் நடுவே தண்ணீரைப் பிடித்து வைக்கும் அக்ரிகன் மட்டும் புதிதாக வந்துகொண்டிருக்கும். பத்து தவணையில் புதுத் துணி நெய்வதாக யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் தொடைத் தசைப் பயிற்சி, எடை பற்றிக் கேளுங்கள்.

---

முழங்கால்62 | செவ்வாய், காலை 7.02

நன்றி டாக்டர். பணம் பிழைத்தது. நடந்தால் ஆக்சிஜன் உள்ளே போகும், பஞ்சைப் பிழிவது மாதிரி என்று என் மருமகள் சொல்கிறாள். அதுவாவது சரியா?

---

நைட்ரஜன் சிலிண்டர் | செவ்வாய், காலை 11.10

பாதி சரி. ஆக்சிஜன், குளுக்கோஸ் போன்ற சின்ன மூலக்கூறுகள் பிழியாமலே தானாக ஊடுருவிப் போய்விடும். பிழிந்து விடுவதால் லாபம் அடைவது பெரிய புரதங்கள். ஆனால் நடக்கும்போது மூட்டுத் திரவம் கலக்கப்படுகிறது, செல்லுக்கு அழுத்தச் செய்தியும் போகிறது; மேட்ரிக்ஸ் உற்பத்திக்கு அந்தச் செய்தி வேண்டும். மருமகள் சொல்வதைக் கேட்டு நடங்கள், காரணம் மட்டும் கொஞ்சம் வேறு.

---

சந்தேகப்பிராணி | செவ்வாய், இரவு 10.25

டாக்டரிடம் ஒரு எதிர்வாதம். 1970இல் லண்ட்-ஓலெசன் மூட்டுத் திரவத்தில் ஆக்சிஜனை அளந்தாரே. அடிபட்ட மூட்டில் 63 மி.மீ. அளவு, தேய்மான மூட்டில் 43 அளவு, முடக்குவாத மூட்டில் 27தான். நோய் கூடக்கூட ஆக்சிஜன் குறைகிறது. அப்படியென்றால் குறைவு நோய்க்குக் காரணம் இல்லையா? குறைவே நல்லது என்று ஒரேயடியாகப் பாடுகிறீர்கள்.

---

மூட்டு டாக்டர் | புதன், காலை 6.40

எண்கள் சரி, வாசிப்பு தப்பு. முடக்குவாதத்தில் மூட்டின் உள்ளுறை வீங்கித் தடித்து, அழற்சி செல்கள் கூட்டமாக வந்து ஆக்சிஜனைத் தின்கின்றன. திரவம் தேங்கி அழுத்தம் ஏறியதால் ரத்த ஓட்டமும் நெருக்கப்படுகிறது. ஆக்சிஜன் குறைவது அங்கே கலவரம் நடக்கிறது என்பதற்கான அடையாளம். கல்யாண வீட்டில் சாப்பாடு தீர்ந்துபோனால் கூட்டம் அதிகம் என்று அர்த்தம். சாப்பாடு தீர்ந்ததால் கூட்டம் வந்தது என்று சொல்வீர்களா?

---

பழைய வாத்தியார் | புதன், காலை 10.30

டாக்டரின் பக்கம்தான் நானும். ஆனால் தம்பியின் கேள்விக்குள் வேறொரு நல்ல கேள்வி இருக்கிறது: குறைவு என்பதைச் செல் எப்படி அறிகிறது?

2019 நோபல் பரிசு கேலின், ராட்க்ளிஃப், செமென்சா மூவருக்கும் கிடைத்தது இதற்குத்தான். ஹிஃப் என்றொரு புரதம் எப்போதும் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் இருந்தால் ஒரு நொதி அதன் புரோலின் என்ற அமினோ அமிலத்தின் மேல் ஹைட்ராக்சில் முத்திரை குத்தும். முத்திரை விழுந்ததை வி.எச்.எல். புரதம் பிடித்து அழிவுக்கு அனுப்பும். எல்லாம் சில நிமிடங்களில். ஆக்சிஜன் குறைந்தால் முத்திரை குத்த ஆள் இல்லை, ஹிஃப் பிழைத்து உட்கருவுக்குள் போய்க் குளுக்கோஸ் வாயிலைக் கூட்டும், லாக்டிக் அமில நொதியைக் கூட்டும், மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகும் பாதையை மறிக்கும். குருத்தெலும்பாவதற்கான தலைமைக் காரணி சாக்ஸ்-9ஐயும் அது தூண்டுகிறது.

எர்னெஸ்டினா ஷிபானியின் குழு 2001இல் எலிக்குஞ்சின் குருத்தெலும்பில் மட்டும் ஹிஃப்-1 ஆல்ஃபாவை நீக்கினார்கள். வளர்ச்சித் தட்டின் (எலும்பு நீளும் இடம்) நடுவே, ஆக்சிஜன் மிகக் குறைந்த இடத்தில், செல்கள் கொத்தாகச் செத்தன. ஹிஃப் இல்லாததால் சர்க்கரை உடைப்பைக் கூட்ட முடியவில்லை, ஏ.டி.பி. இல்லாமல் செத்தன என்று எல்லோரும் நினைத்தோம். நானே வகுப்பில் அப்படித்தான் நடத்தினேன்.

2019இல் அதே ஷிபானி குழு அந்தப் பாடத்தைப் புரட்டிப் போட்டது. ஹிஃப் இல்லாத செல்லில், மைட்டோகாண்ட்ரியாவை இயங்க வைக்கும் டிஃபாம் மரபணுவையும் சேர்த்து நீக்கினார்கள். ஏ.டி.பி. இல்லாமல்தான் சாகிறது என்றால் இப்போது இன்னும் வேகமாகச் சாக வேண்டும். செல்கள் பிழைத்துக்கொண்டன! ஏனென்றால் மைட்டோகாண்ட்ரியா ஓடாததால் இருக்கும் கொஞ்ச ஆக்சிஜன் மிச்சமானது. அங்கே ஹிஃப்பின் முக்கிய வேலை அடுப்பை மூட்டுவது அல்ல, ஆக்சிஜன் செலவை அடக்கி வைப்பது. தண்ணீர்ப் பஞ்சத்தில் மோட்டாரைப் பிடுங்கி வைப்பது போல.

வகுப்பில் தப்பாக நடத்தியவர்களிடம் மன்னிப்புக் கேட்க முகவரி இல்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

---

சந்தேகப்பிராணி | புதன், இரவு 9.00

அருமை ஐயா. ஆனால் விடமாட்டேன். கொலாஜனிலும் புரோலின் மேல் ஹைட்ராக்சில் முத்திரை விழ வேண்டும், அதற்கும் ஆக்சிஜன் வேண்டும். முத்திரை இல்லாத கொலாஜன் மூன்று இழையாக முறுக்கி நிற்காது. ஹிஃப்புக்கு முத்திரை குத்தவே ஆக்சிஜன் போதவில்லை என்றால் கொலாஜனுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது?

---

நைட்ரஜன் சிலிண்டர் | வியாழன், மதியம் 12.15

இந்த இழையிலேயே உருப்படியான எதிர்ப்பு இதுதான். இரண்டு நொதிகளும் ஒரே குடும்பம்: ஆக்சிஜன், இரும்பு, ஆல்ஃபா-கீட்டோகுளூட்டரேட் மூன்றும் வேண்டும், வைட்டமின் சி இல்லாவிட்டால் மங்கிவிடும். ஆனால் ஆக்சிஜனைப் பிடிக்கும் திறமை வேறு வேறு. ஹிஃப்பைத் தொடும் நொதி சோம்பேறி, ஆக்சிஜன் கொஞ்சம் குறைந்தாலே கையை விட்டுவிடும். உணர்கருவிக்கு அந்தச் சோம்பல் தேவையும்கூட. கொலாஜனைத் தொடும் நொதி கெட்டிக்காரன், குறைந்த ஆக்சிஜனிலும் பிடித்து வேலையை முடிக்கும். அது போதாதென்று, நிலைத்து நிற்கும் ஹிஃப் இந்தக் கொலாஜன் நொதியின் உற்பத்தியையும் கூட்டிக் கொடுக்கிறது.

அளவுக்கு மிஞ்சினால் அதுவும் நஞ்சு. பெல்ஜியத்தின் லூவனில் கெர்ட் கார்மெலியட் குழு 2019இல் காட்டியது: ஹிஃப்-1 ஆல்ஃபா அளவுக்கு அதிகமாக நிற்கும்போது குளூட்டமினிலிருந்து ஆல்ஃபா-கீட்டோகுளூட்டரேட் கூடி, கொலாஜனில் முத்திரை மிதமிஞ்சி விழுகிறது. அந்த மேட்ரிக்ஸை உடைப்பது கடினம். வளர்ச்சித் தட்டில் பழைய குருத்தெலும்பு உடைந்து எலும்பு வர வேண்டும் அல்லவா? அது தடுமாறி எலும்பு வளர்ச்சியே கோணலாகிறது.

ஆட்டுக்கால், வைட்டமின் சி என்று எழுதும்போதுதான் தோன்றியது. உன் மீடியத்தில் அஸ்கார்பேட் (அதே வைட்டமின் சி) போடுகிறாயா?

---

ஆட்டுக்கால்சூப் | வியாழன், மதியம் 12.40

மாத ஆரம்பத்தில் 500 மில்லி பாட்டிலில் ஒரேயடியாகப் போட்டு வைத்துவிடுவேன் அண்ணா.

---

நைட்ரஜன் சிலிண்டர் | வியாழன், மதியம் 12.44

கிழிந்தது.

---

நைட்ரஜன் சிலிண்டர் | வியாழன், மதியம் 1.05

கோபித்துக்கொள்ளாதே, நானும் இதே தப்பைச் செய்தவன்தான். வெறும் அஸ்கார்பிக் அமிலம் மீடியத்தில் நிலைக்காது, 37 டிகிரியில் ஒரு நாளுக்குள் பெரும்பகுதி போய்விடும். மாதக் கடைசியில் உன் செல்லுக்கு ஸ்கர்வி (வைட்டமின் சி குறைவு நோய்). ஒவ்வொரு முறை மீடியம் மாற்றும்போதும் புதிதாகப் போடு, இல்லையென்றால் பாஸ்பேட் சேர்த்த நிலையான வடிவத்தை வாங்கு.

இன்னொரு விஷயம், இது ஆக்சிஜனைவிடப் பெரியது. உன் செல் வால் நீட்டுவதற்கு முதல் காரணம் தட்டையான பிளாஸ்டிக். 1982இல் பென்யா, ஷாஃபர் இருவரும், தட்டில் வளர்ந்து நார்ச்செல்லாக மாறிய குருத்தெலும்பு செல்லை அகரோஸ் கூழுக்குள் போட்டதும் அது மறுபடி உருண்டையாகி, இரண்டாம் வகை கொலாஜனைச் செய்ய ஆரம்பித்ததைக் காட்டினார்கள். தட்டையில் ஒட்ட வைத்துக்கொண்டு ஆக்சிஜனை மட்டும் குறைத்தால் பெரிதாக எதிர்பார்க்காதே. ஆல்ஜினேட் (கடற்பாசிக் கூழ்) மணிக்குள் போட்டு 5 சதவீதத்தில் வை. ஜெர்மனியில் டோம் குழுவினர் 2002இல் மாட்டுச் செல்லில் செய்தது இதுதான்: ஆல்ஜினேட்டும் குறைந்த ஆக்சிஜனும் சேர்ந்தபோது இரண்டாம் வகை கொலாஜன் நன்றாகத் திரும்பியது.

---

மூட்டு டாக்டர் | வியாழன், இரவு 9.50

எங்களுக்கும் இது வெறும் ஆய்வகச் சண்டை அல்ல. ஸ்வீடனின் கோத்தன்பர்கில் பிரிட்பெர்க், பீட்டர்சன் குழு நோயாளியின் சொந்தக் குருத்தெலும்பு செல்லை வெளியே வளர்த்து முழங்காலில் திரும்ப வைத்த முதல் முடிவுகளை 1994இல், 23 பேரைக் கொண்டு வெளியிட்டது. அங்கேயும் செல் சில வாரம் பிளாஸ்டிக்கில் பெருகி, வால் நீட்டித்தான் உள்ளே போகிறது. உள்ளே போன பிறகு அது நல்ல குருத்தெலும்பாகிறதா, வெறும் நார்த்திசுவாகிறதா என்பதுதான் எங்கள் தலைவலி. வளர்க்கும்போதே மூட்டின் ஆக்சிஜனைக் கொடுத்தால் உதவுமா என்று கேட்பது நியாயம்.

---

சந்தேகப்பிராணி | வெள்ளி, காலை 8.20

கடைசியாக ஒரு கல் எறிந்துவிட்டுப் போகிறேன். ஹிஃப்-1 பற்றியே பேசுகிறீர்கள், தம்பிக்காரன் ஹிஃப்-2 ஆல்ஃபா என்ன ஆனான்? 2007இல் லண்டனிலிருந்து மர்ஃபி குழு, மனிதக் குருத்தெலும்பு செல் குறைந்த ஆக்சிஜனில் மேட்ரிக்ஸைக் கூட்டுவதற்கு ஹிஃப்-2 அவசியம் என்றது. 2010இல் கொரியாவின் சுன் குழுவும் ஜப்பானின் கவகுச்சி குழுவும், ஹிஃப்-2தான் குருத்தெலும்பை அரிக்கும் நொதிகளைக் கட்டவிழ்த்துவிடுகிறது என்று ஒரே இதழில் அடுத்தடுத்து எழுதின. ஒருவர் கட்டுகிறவன் என்கிறார், இருவர் இடிக்கிறவன் என்கிறார்கள். நம் தங்கை 5 சதவீதத்தில் வைத்து யாரை எழுப்பப் போகிறாள்?

---

நைட்ரஜன் சிலிண்டர் | வெள்ளி, இரவு 7.35

முடியாத வழக்கு. என் தீர்ப்பை மட்டும் சொல்கிறேன், மேல்முறையீடு செய்துகொள்ளுங்கள்.

மர்ஃபி குழு பார்த்தது வளர்ந்த மனிதரின் செல், உண்மையான குறைந்த ஆக்சிஜன். மற்ற இருவரின் வேலையில் பெரும்பங்கு எலி, அதில் கவகுச்சி குழு வளர்ச்சித் தட்டையும் பார்த்தது. அங்கே குருத்தெலும்பு சாவதுதான் விதி, எலும்பு வருவதற்காக. முக்கியமானது இது: 2010 கட்டுரைகளில் ஹிஃப்-2ஐ உயர்த்தியது ஆக்சிஜன் குறைவு அல்ல, என்.எஃப்-கப்பா-பி என்கிற அழற்சிப் பாதை. அழற்சி தள்ளிவிடும் ஹிஃப்-2 மலைபோலக் குவிகிறது. அமைதியான செல்லில் ஆக்சிஜன் குறைவால் நிற்பது கொஞ்சம். இரண்டும் ஒரே விளைவைத் தர வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்க வேண்டும்? எனக்குத் தெரிந்து இந்த இரண்டு தரப்பும் பேசுவது ஒரே சூழ்நிலையைப் பற்றி அல்ல.

தங்கச்சியின் தட்டில் அழற்சி இல்லாதவரை கட்டுகிறவன்தான் எழுவான்.

---

சந்தேகப்பிராணி | வெள்ளி, இரவு 7.50

கறிக்கடை ஆட்டுக்கு மூட்டு அழற்சி இருந்ததா என்று யார் பார்த்தது?

---

ஆட்டுக்கால்சூப் | வெள்ளி, இரவு 8.10

நான் பார்த்தேன். மேற்பரப்பு வழவழவென்று, நீலம் கலந்த வெள்ளையாக, கண்ணாடி மாதிரி இருந்தால் மட்டும்தான் எடுப்பேன். மஞ்சளாக இருந்தால் அது வீட்டுக்கு, அம்மா சூப் வைப்பாள்.

---

ஆட்டுக்கால்சூப் | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு இரவு 11.30

இழையைத் தூசி தட்டுகிறேன். அண்ணா சொன்னபடி ஆல்ஜினேட் மணி, புதிய அஸ்கார்பேட், 5 சதவீதம், முதல் நாள் இரவே வைத்த மீடியம். மூன்று வாரத்தில் அல்சியன் நீலம் போட்டேன். மணிக்குள் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் நீல வளையம்! துறை முழுக்க எல்லோரையும் மைக்ரோஸ்கோப்புக்கு இழுத்து வந்து காட்டினேன். காவலாளி அண்ணன் கூடப் பார்த்தார்.

---

நைட்ரஜன் சிலிண்டர் | ஞாயிறு, இரவு 11.52

வாழ்த்துகள். அதே மணி, அதே அஸ்கார்பேட், சாதாரண இன்குபேட்டரில் எப்படி இருந்தது?

---

ஆட்டுக்கால்சூப் | திங்கள், நள்ளிரவு 12.03

அதை வைக்கவில்லை. பழைய தட்டையான வளர்ப்போடுதான் ஒப்பிட்டேன்.

---

பழைய வாத்தியார் | திங்கள், காலை 6.15

மூன்று விஷயத்தை ஒரே நேரத்தில் மாற்றியிருக்கிறாய் அம்மா. அந்த நீலம் யாருடையது? மணியுடையதா, வைட்டமினுடையதா, ஆக்சிஜனுடையதா?

---

ஆட்டுக்கால்சூப் | திங்கள், காலை 8.40

தெரியும் ஐயா. இரவு தூக்கம் வரவில்லை. எல்லாமே ஆல்ஜினேட் மணி. 5 சதவீதம், 18.6 சதவீதம் இரண்டிலும், அஸ்கார்பேட் உள்ளது இல்லாதது என்று நான்கு குழுவாகத் திட்டம் போட்டுவிட்டேன். டி.என்.ஏ. அளவுக்குச் சல்பேட் சர்க்கரை எவ்வளவு என்று எண்ணாகவும் எடுப்பேன், நிறத்தை மட்டும் நம்பமாட்டேன். ஒரே தடங்கல், சனிக்கிழமை இரவு நைட்ரஜன் சிலிண்டர் தீர்ந்துபோய் பெட்டி தானாகக் காற்று அளவுக்கு ஏறிவிட்டது. புதியது வர வியாழன் ஆகும். அதுவரை கறிக்கடைக்குப் போக வேண்டாம் என்று இன்றைக்குத்தான் ஐந்தரைக்கு எழாமல் தூங்கினேன்.

---

முழங்கால்62 | திங்கள், காலை 9.05

பாப்பா, வியாழன் வரை மிச்சமாகும் ஆட்டுக்காலுக்கு முகவரி வேண்டுமென்றால் சொல். தினம் இரண்டு கிலோமீட்டர் நடக்கிறேன், வந்து வாங்கிக்கொள்கிறேன்.